நார்வே, 1905 – ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

தேசங்கள் பிரிவதைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 1905-இல் நோர்வே சுவீடனிடமிருந்து 'ஒரு துளி இரத்தம் சிந்தாமல், கைகுலுக்கிப் பிரிந்தது' என்று எழுதியிருந்தீர்கள். நான் முப்பது வருடங்களாகப் பேர்கனில் வசிக்கிறேன். இங்கே ஊரே தேசிய உடை அணிந்து கொண்டாடுவது மே 17-ஐத்தான். அது 1814-இன் நினைவு. யூன் 7-இல் கொடி ஏற்றுவதோடு சரி, விடுமுறைகூட இல்லை. விடுதலை கிடைத்த ஆண்டை ஏன் இப்படி அடக்கி வாசிக்கிறார்கள்? இன்னொன்று, பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கேட்டது: ஓர் அரசனை வேண்டாம் என்றுவிட்டு, அதே வருடம் டென்மார்க்கிலிருந்து இன்னோர் அரசனை எதற்காக அழைத்து வந்தார்கள்? எனக்குப் பதில் தெரியவில்லை.

(பெயர் வேண்டாம்)
பேர்கன்

அன்புள்ள சகோதரி,

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். இரத்தம் சிந்தவில்லை என்பது சரி. 'கைகுலுக்கி' என்பது எழுத்தின் வேகத்தில் வந்து விழுந்த சொல். 1905 செப்டம்பரில் எல்லையின் இருபுறமும் படைகள் நின்றன. ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் ஆகஸ்ட் 31-இல் தொடங்கிய பேச்சுவார்த்தை, நடுவில் ஒரு முறை நின்று, செப்டம்பர் 23-இல்தான் முடிந்தது. நார்வே தன் காசில் கட்டிய எல்லைக் கோட்டைகளைத் தானே இடிக்க ஒப்புக்கொண்டது. அதைக் கைகுலுக்கல் என்று அன்றைய நார்வேக்காரர் யாரிடமும் சொல்லியிருக்க முடியாது. ஸ்வீடனிலும் எல்லோரும் சண்டைக்குக் கச்சை கட்டவில்லை. நார்வேக்கு எதிராக ஆயுதம் ஏந்தாதீர்கள் என்று அறிக்கை எழுதிய இளம் சோஷலிஸ்ட் செத் ஹோக்லுண்ட் அதற்காகச் சிறைக்குப் போனார்.

இனி உங்கள் முதல் கேள்வி. 1814-இலிருந்து நார்வேக்குத் தனி அரசியல் சட்டம், தனி நாடாளுமன்றம், தனி அமைச்சரவை எல்லாம் இருந்தன. மன்னர் மட்டும் பொது. வெளியுறவு ஸ்டாக்ஹோமின் கையில். உலகின் பெரிய வணிகக் கப்பல் கூட்டங்களில் ஒன்றை வைத்திருந்த நாடு, அந்நியத் துறைமுகத்தில் தன் மாலுமிக்கு ஒரு சிக்கல் என்றால் ஸ்வீடனின் வெளியுறவுத் துறைக்குக் கட்டுப்பட்ட தூதரகத்துக்குத்தான் போகவேண்டும். தனித் தூதரகங்களுக்கான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றியது. மே 27-இல் மன்னர் இரண்டாம் ஆஸ்கர் ஒப்புதல் தர மறுத்தார். அமைச்சர்கள் பதவி விலகினார்கள். 'இப்போது வேறு அரசு அமைக்க என்னால் இயலாது' என்று சொல்லி, விலகலையும் ஏற்க மறுத்தார் மன்னர்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பிரதமர் கிறிஸ்டியன் மிக்கெல்சன் உங்கள் ஊர்க்காரர், வழக்கறிஞர், கப்பல் முதலாளியும்கூட. ஜூன் 7-இல் நாடாளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தைப் படித்துப்பாருங்கள். அமைச்சர்கள் விலகிவிட்டார்கள், மன்னரால் புதிய அரசை அமைக்க முடியவில்லை, எனவே அரசதிகாரம் செயலிழந்துவிட்டது என்று தொடங்குகிறது. ஆகவே இதே அமைச்சர்கள் நிர்வாகத்தைத் தொடரட்டும் என்கிறது. எப்படித் தொடர்வது? மன்னர் நார்வேயின் மன்னராகச் செயல்படாது போனதன் விளைவாக ஸ்வீடனுடனான ஒன்றியம் கலைந்துவிட்டபடியால் தேவைப்படும் மாற்றங்களுடன். அவ்வளவுதான். தொண்ணூறு ஆண்டு ஒன்றியம் ஒரு துணைவாக்கியத்தில் முடிகிறது. நம் இலக்கணப்படி சொன்னால், முற்றுவினையில் அல்ல, எச்சத்தில். 'பிரிகிறோம்' என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றைப் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார்கள், அவ்வளவே. அரசியல் ஆவணங்களில் இவ்வளவு குறும்பான ஒன்றை நான் படித்ததில்லை.

கொண்டாட்டம் ஏன் இல்லை என்பதற்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது. 1905-ஐ விடுதலை ஆண்டு என்று முழங்கினால், அதற்கு முன் அடிமையாக இருந்தோம் என்று ஒப்புக்கொண்டதாகும். அவர்கள் வாதமோ நேர்மாறானது: 1814 மே 17-இல் ஐட்ஸ்வோலில் அரசியல் சட்டம் எழுதியபோதே நாங்கள் சுதந்திர நாடு, பழுதானது மன்னர் பதவி மட்டும்தான். ஜூன் 7-க்குப் பின்னாளில் வேறு நினைவுகளும் சேர்ந்துகொண்டன. 1940-இல் ஜெர்மானியப் படையெடுப்பின்போது மன்னர் நாட்டை விட்டுக் கிளம்பியதும், 1945-இல் திரும்பி வந்ததும் அதே தேதியில்தான்.

பழுதானது பதவி என்றால் அதை நிரப்பவேண்டும் அல்லவா? மகளுக்கான பதில் அது. அந்த ஜூன் 7-இலேயே, உங்கள் குடும்பத்து இளவரசர் ஒருவரை எங்களுக்கு மன்னராகத் தாருங்கள் என்று ஆஸ்கரிடமே கேட்டார்கள்! அவர் தரவில்லை. குடியரசு கேட்டவர்களும் நார்வேயில் இருந்தார்கள். ஆனால் அன்றைய ஐரோப்பா முடிமன்னர்களின் ஐரோப்பா. டென்மார்க் இளவரசர் கார்லின் மனைவி மாட், பிரிட்டன் மன்னர் ஏழாம் எட்வர்டின் மகள். புதிதாகத் தனியே நிற்கும் சிறிய நாட்டுக்கு இதைவிட நல்ல சம்பந்தம் அமையாது. துருவப் பயணி நான்சன் கோபன்ஹேகன் வரை போய்ப் பேசினார். 33 வயதுக் கார்ல், மக்களைக் கேளுங்கள், அப்புறம் வருகிறேன் என்றார். நவம்பர் வாக்கெடுப்பில் ஆதரவு 2,59,563, எதிர்ப்பு 69,264. அவர் ஏழாம் ஹாகோன் ஆனார். இரண்டு வயது மகன் அலெக்சாண்டர், ஒலாவ் ஆனான். நவம்பர் 25-இல் கொட்டும் பனியில், இன்றைய ஆஸ்லோவான கிறிஸ்டியானியாவில் வந்து இறங்கினார்கள்.

மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஒன்றியம் கலைந்ததை ஏற்கிறீர்களா என்று ஆகஸ்ட் 13-இல் நடந்த வாக்கெடுப்பில் ஆம் என்றவர்கள் 3,68,208 பேர். இல்லை என்றவர்கள் 184 பேர். (அந்த 184 பேரில் ஒருவரையாவது சந்தித்துப் பேச எனக்கு ஆசை.) இந்தக் கணக்கில் ஒரு பெண்கூட இல்லை, பெண்களுக்கு வாக்கு கிடையாது. வாக்குச்சாவடிக்குள் விடாததால் அவர்கள் தாமே தாள்களை எடுத்துக்கொண்டு கிளம்பி, சுமார் இரண்டரை லட்சம் பெண்களின் கையெழுத்தைத் திரட்டி நாடாளுமன்றத்தில் கொடுத்தார்கள். எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை வர 1913 ஆனது.

கட்டுரையில் 'கைகுலுக்கி' என்ற சொல்லை நீக்கிவிட்டேன்.

அன்புடன்.