"நல்லாத்தானே நடக்குறீங்க, உங்களுக்கு எதுக்கு இந்த இடம்?"

கேள்வி: எனக்கு 38 வயது. ஆறு வருடமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். 45 சதவீத மாற்றுத்திறனாளி என்று சான்றிதழும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி அட்டையும் இருக்கின்றன. பார்த்தால் ஒன்றும் தெரியாது. காரை விட்டு இறங்கும்போது நன்றாகவே நடப்பேன். கொஞ்ச தூரம் போனதும் இடது கால் இழுக்க ஆரம்பிக்கும். வெயிலாக இருந்தால் அதற்கும் முன்பே. போன மாதம் ஒரு வணிக வளாகத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில் வண்டியை நிறுத்தினேன். வேலை முடிந்து வந்து காரில் உட்கார்ந்ததும் ஒருவர் தன் காரைக் குறுக்கே போட்டு மறித்தார். "கை கால் நல்லாத்தானே இருக்கு, வெட்கமா இல்லையா?" என்று சத்தம் போட்டார். நோயின் பெயரைச் சொல்லி அட்டையைக் காட்டினேன். "காசு கொடுத்தா எந்தக் கார்டும் கிடைக்கும், நடிக்காதே" என்றார். கூட்டம் கூடிவிட்டது. செக்யூரிட்டியும் என்னைத்தான் திட்டினார். இருபது நிமிடம் கழித்தே வழி கிடைத்தது. அன்று இரவே "போலி மாற்றுத்திறனாளி" என்ற தலைப்போடு அந்த வீடியோ எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. இத்தனைக்கும் அடுத்த ஸ்லாட்டில் ஒரு கடைக்காரரின் பைக்குகள் எப்போதும் நிற்கின்றன. அதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அங்கே நிறுத்த உரிமை உண்டா? கேட்பவர்களுக்கெல்லாம் அட்டையைக் காட்ட வேண்டுமா? அவர் மீது நடவடிக்கை எடுக்கலாமா? என் கணவர் தனியாக வரும்போது அந்த இடத்தில் நிறுத்தலாமா?

பதில்: அன்புச் சகோதரி, முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: உண்டு. தயங்காமல் நிறுத்துங்கள்.

பழைய 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016-ல் வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன. உங்களுடைய நோய் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. பார்க்கின்சன், ஹீமோபிலியா (ரத்தம் எளிதில் உறையாத நோய்), தலசீமியா, ஆட்டிசம், மனநோய் ஆகியவையும் அதில் உண்டு. இவற்றில் எத்தனையை ஒரு ஆளைத் தூரத்தில் நின்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியும்? நீண்டகாலக் குறைபாடு ஒன்று இருந்து, சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து அது ஒருவரை மற்றவர்களுக்குச் சமமாக இயங்கவிடாமல் செய்தால் அவர் மாற்றுத்திறனாளி என்பதே சட்டத்தின் விளக்கம். பார்வைக்குத் தெரிய வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. உங்கள் விஷயத்தில் அந்தத் தடை, வாசலுக்கும் வண்டிக்கும் நடுவே இருக்கிற தூரம்தான்.

இந்த மனோபாவத்துக்கு அந்தப் பலகையில் உள்ள படமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1968-ல் டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபோட் என்ற மாணவி வரைந்த சக்கர நாற்காலிச் சின்னம்தான் இன்று உலகம் முழுக்க இருக்கிறது. நல்ல சின்னம்தான். ஆனால் அதைப் பார்த்துப் பழகியவர்கள், வண்டியிலிருந்து சக்கர நாற்காலி இறங்கவில்லை என்றால் ஏமாற்று என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஹீமோபிலியா உள்ள இளைஞர் ஒருவருக்காக நான் வாதாடியிருக்கிறேன். முட்டியில் உள்ளுக்குள் ரத்தம் கசிந்து வீங்கியிருந்தது. பேன்ட்டுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. நீதிமன்ற வராந்தாவில் அவர் பெஞ்சில் உட்கார்ந்ததற்கே, "வயசுப் பையன் எழுந்து இடம் கொடுக்கக் கூடாதா" என்று ஒரு பெரியவர் கடிந்துகொண்டார். அந்த இளைஞர் வாய் திறக்காமல் எழுந்து நின்றார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளிகள் பார்க்கிங்குக்காக வாகனத்தில் வைக்கும் நீல அட்டையை, வெளியே தெரியாத குறைபாடுகள் உள்ளவர்களும் எளிதாகப் பெறும்படி 2019 ஆகஸ்டில் விதியைத் திருத்தினார்கள். நம் நாட்டில் நாடு முழுவதற்கும் பொதுவான தனிப் பார்க்கிங் அட்டை கிடையாது. உங்களுக்கு யுடிஐடி அட்டைதான் ஆதாரம். அந்த இடத்தை நிர்வகிப்பவர் மரியாதையாகக் கேட்டால் காட்டுங்கள்; அதில் தவறில்லை. வழியில் போகிறவருக்குக் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எந்த நோய், எத்தனை நாளாக என்று விசாரிக்க நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை. பல சலுகைகளுக்கு அளவுகோலாக இருக்கும் 40 சதவீதத்துக்குக் குறைவாகச் சான்றிதழ் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், நியாயமான வசதி கேட்கும் உரிமையை அந்த 40 சதவீத அளவுகோலுக்குள் அடைத்துவிட முடியாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அது தேர்வு எழுத உதவியாளர் கேட்ட வழக்கு என்றாலும், அதில் சொன்ன கொள்கை பெரியது.

இனி அந்த மனிதர். சட்டத்தின் 92-வது பிரிவு, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பதையோ மிரட்டுவதையோ குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, ஐந்து ஆண்டு வரை போகலாம், அபராதமும் உண்டு. "அவர் மாற்றுத்திறனாளி என்றே எனக்குத் தெரியாது, பொது நலனுக்காகத்தான் கேட்டேன்" என்பதுதான் எதிர்த்தரப்பு எடுக்கும் முதல் வாதம். நீங்கள் வாயே திறக்காமல் வந்திருந்தால் அந்த வாதம் எடுபட்டிருக்கும். ஆனால் நீங்கள் நோயைச் சொன்னீர்கள், அட்டையை நீட்டினீர்கள். அதற்குப் பிறகு அவர் பேசிய "நடிக்காதே" என்ற வார்த்தையும், இரவில் போட்ட வீடியோவும்தான் உங்கள் வழக்கின் உயிர். புகாரில் இந்த வரிசை மாறாமல் எழுதுங்கள்: அட்டை காட்டுவதற்கு முன் என்ன சொன்னார், காட்டிய பின் என்ன சொன்னார். அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே, மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். "தகாத வார்த்தைகளால் திட்டினார்" என்று பொதுவாக எழுதிக் கெட்டுப்போன புகார்கள் நிறைய.

நீங்கள் உள்ளே இருக்கும்போதே காரை மறித்தது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 126-வது பிரிவில் வரும். வீடியோவுக்கு "போலி" என்று தலைப்பு வைத்தது அவதூறு. அதற்கு அதே தண்டனைச் சட்டத்தின் 356-வது பிரிவின் கீழ் நீங்களே மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமென்றால் ஆணையருக்கு, அதே புகாரைத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் இருக்கிறார்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த மனிதரை விட வளாக நிர்வாகத்தின் மேல்தான் அதிகக் கோபம். ஒதுக்கிய இடத்தில் கண்டவர் நிறுத்துவதைத் தட்டிக் கேட்பது நல்ல காரியம். கேட்க வேண்டியது நிர்வாகத்தை. அவர்கள் பைக்குகளை விட்டுவிட்டு உங்களை விரட்டியிருக்கிறார்கள். தனியார் கட்டடம்தானே என்று அவர்கள் தப்ப முடியாது. பொதுமக்கள் வந்து போகும் எந்தத் தனியார் கட்டடமும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் பொதுக் கட்டடம்தான். மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்து போவதற்கான அணுகல் விதிகளுக்கு உட்படாத கட்டட வரைபடத்துக்கு அனுமதியே தரக் கூடாது என்கிறது 44-வது பிரிவு. மத்திய அரசின் வழிகாட்டுதலில் இந்த ஸ்லாட்டுக்குச் சொல்லப்பட்ட அகலம் 3.6 மீட்டர். கதவை முழுக்கத் திறந்து, பக்கத்தில் சக்கர நாற்காலியை வைத்து உடம்பை நகர்த்திக்கொள்ளத்தான் அவ்வளவு அகலம். அங்கே இரண்டு பைக் நின்றாலே போதும், சக்கர நாற்காலியில் வருபவர் காருக்குள்ளேயே சிறைப்படுவார். இந்த அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று ராஜீவ் ரதுரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குப் புகார் எழுதுங்கள்; வக்கீல் வேண்டியதில்லை. சாட்சியை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு. பைக்குகள் நிற்கும் படத்தை வெவ்வேறு தேதிகளில் எடுத்து இணையுங்கள். சட்டத்தை மீறினால் முதல் தடவைக்கு 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 89-வது பிரிவு வழி செய்கிறது.

உங்கள் கணவர் விஷயத்தில் நான் வளைந்து கொடுக்கப் போவதில்லை. கூடாது. அந்த உரிமை உங்களுடையது, காருடையது அல்ல. அவர் உங்களை ஏற்றி வந்தால், ஓட்டுவது அவரானாலும் நிறுத்தலாம். உங்களைக் கூட்டிப்போக வந்து காத்திருந்தாலும் சரி. நீங்கள் வீட்டில் இருக்கும்போது உங்கள் அட்டையைக் காட்டி நிறுத்தினால், மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகையை மோசடியாகப் பெறுவதைத் தண்டிக்கும் 91-வது பிரிவு அவர் மேல் பாயக்கூடும். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படி ஒரு நாள் அவர் பிடிபட்டால், உங்கள் உண்மையான புகாரையும் எதிர்த்தரப்பு அதைக் காட்டியே உடைக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் இன்று செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சம்பவம் நடந்து ஒரு மாதம் ஆகிவிட்டது; சிசிடிவி பதிவுகள் நாள் ஆக ஆக அழிந்துகொண்டே போகும். தேதி, நேரம், எந்தத் தளம் என்று குறிப்பிட்டு, அன்றைய பதிவைப் பத்திரப்படுத்தி வைக்கும்படி நிர்வாகத்துக்கு ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையோடு கடிதம் அனுப்புங்கள், மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். வாட்ஸ்அப் வீடியோவை அழிக்கச் சொல்லிக் குழுவில் சண்டை போடுவதற்கு முன், அனுப்பியவரின் எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வீடியோவையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் கொடுக்கும்போது அந்தப் போன் தேவைப்படும்.