போர்க்கால ஸ்வீட்ஹார்ட் புரூச்: கேளுங்கள், சொல்கிறேன்

முதல் உலகப் போருக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் சிப்பாய்கள் பலர், தங்கள் படைப்பிரிவின் தொப்பிச் சின்னத்தைச் சின்னதாகச் செய்த புரூச்சை (உடையில் குத்திக்கொள்ளும் அலங்கார ஊசி) அம்மாவுக்கோ மனைவிக்கோ காதலிக்கோ கொடுத்துவிட்டுப் போனார்கள். ஸ்வீட்ஹார்ட் புரூச் என்பது அதுதான். பல வருஷமாகச் சேர்க்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

கேள்வி: அக்கா, லண்டன் சந்தையில் ஒன்று வாங்கினேன். மேலே கிரீடம் இருக்கிறது. எந்தக் காலத்தது?

பதில்: கிரீடத்தின் வளைவைப் பாருங்கள். குவிமாடம் மாதிரி வழவழவென்று உருண்டு மேலேறினால் அது ராஜா கிரீடம். 1901 முதல் 1952 வரை ராஜாக்கள் ஆட்சி, அதனால் இரண்டு உலகப் போர்களுக்கும் பொருந்தும். நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் பெரும்பாலும் எலிசபெத் ராணி காலத்தது, உலகப் போர்களோடு சம்பந்தம் இல்லை. அப்புறம் படையின் பெயரைப் பாருங்கள். ராயல் ஃப்ளையிங் கோர் என்ற பிரிட்டிஷ் விமானப் பிரிவு 1912-ல் தொடங்கி, 1918 ஏப்ரல் 1-ல் ராயல் ஏர்ஃபோர்ஸில் கலந்துவிட்டது. மெஷின் கன் கோர் என்ற இயந்திரத் துப்பாக்கிப் படை இருந்ததே 1915 முதல் 1922 வரைதான். அதன் சின்னம் கிரீடத்துக்குக் கீழே குறுக்காக வைத்த இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். முத்துச்சிப்பி வட்டத்தில் பதித்த அப்படி ஒன்று என்னிடம் உண்டு. பின்னால் ஊசி வளைந்து, கொக்கி தேய்ந்திருக்கிறது. யாரோ ஒருத்தி அதைத் தினமும் குத்திக் கழற்றியிருக்கிறாள். புதிதுபோல் பளபளக்கும் பத்தைக் கொடுத்தாலும் அதை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: கடைக்காரர் 1916 வெள்ளி என்கிறார். முத்திரை 925 (அதாவது 92.5% வெள்ளி) மட்டும்தான்.

பதில்: வேண்டாம், விட்டுவிடுங்கள். அக்காலத்து பிரிட்டிஷ் வெள்ளியில் நடக்கும் சிங்கம், ஊர் அடையாளம் (பர்மிங்ஹாம் என்றால் நங்கூரம்), வருஷத்துக்கான எழுத்து இருக்கும். சின்ன உருப்படிகளில் வெறும் 'சில்வர்' அல்லது 'ஸ்டெர்லிங்' (அதே 92.5% வெள்ளி) என்றும் அடித்திருப்பார்கள், அதில் தப்பில்லை. தனியாக 925 என்றால் பெரும்பாலும் பின்னாளில் செய்தது.

கேள்வி: அமெரிக்கப் புரூச்சுகளில் இவ்வளவு ஸ்டெர்லிங் வெள்ளி எப்படி?

பதில்: இரண்டாம் உலகப் போரில் தகரம் போன்ற மலிவு உலோகங்கள் ஆயுதத் தொழிலுக்குப் போய்விட்டன. கவரிங் நகை செய்தவர்கள் வெள்ளிக்கு மாறினார்கள். பேக்லைட் (அந்தக் காலத்து பிளாஸ்டிக்), மரம் எல்லாமும் வந்தன. நட்சத்திரம் வைத்த புரூச் கிடைத்தால் நிறத்தைக் கவனியுங்கள். நீலம் என்றால் அந்த வீட்டுப் பிள்ளை படையில் இருக்கிறான். தங்க நிறம் என்றால் அவன் திரும்பி வரவில்லை. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

கேள்வி: கறுத்திருக்கிறது. வீட்டில் வெள்ளி தேய்க்கிற மாதிரி விபூதி, புளி போடலாமா?

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். விபூதி எனாமலைக் கீறும். புளியும் எலுமிச்சையும் முத்துச்சிப்பியை அரித்துவிடும். மெத்தென்ற துணியால் உலர்வாகத் துடைத்தால் போதும். செல்லுலாய்டு (இன்னொரு பழைய பிளாஸ்டிக்) உருப்படியைத் தனிப் பெட்டியில் வையுங்கள். அது பழசாகும்போது விடும் புகை பக்கத்து உலோகத்தையும் கெடுக்கும்.

கேள்வி: புரூச்சோடு ஒரு பழைய போட்டோவும் தருகிறார்கள், கூடக் காசு கேட்கிறார்கள். தேவையா?

பதில்: படத்தில் இருக்கும் பெண் அதே புரூச்சைக் குத்தியிருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். பின்பக்கம் பெயரோ ஊரோ எழுதியிருக்கிறதா என்றும் திருப்பிப் பாருங்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் வையுங்கள். விற்க நேர்ந்தாலும் சேர்த்தே விற்றுவிடுங்கள்.