டேப்லெட் வாங்கிக் கொடுங்கள், வாட்டர்கலர் பெட்டியைப் பரணில் ஏற்றாதீர்கள்

வணக்கம் அம்மா. பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள் சின்ன வயதிலிருந்தே வாட்டர்கலரில் வரைகிறாள். இப்போது கம்ப்யூட்டரில் வரைய டேப்லெட் கேட்கிறாள். அவள் அப்பாவோ, "பொத்தானைத் தட்டினால் வந்துவிடும் படத்துக்கு எதற்குப் படிப்பு?" என்கிறார். அவர் சந்தேகம் நியாயமானது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மகளை ஒரு சின்னச் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். தட்டில் நீலத்தையும் மஞ்சளையும் குழைத்தால் பச்சை வரும். சாதாரண ஓவிய மென்பொருளில் சுத்த நீலத்தையும் சுத்த மஞ்சளையும் பாதிக்குப் பாதி கலந்தால் சாம்பல் நிறம் வரும். மென்பொருள் கலப்பது திரையின் ஒளி எண்களை. தட்டில் கலப்பது ஒளியை உறிஞ்சியும் சிதறடித்தும் நிறம் காட்டும் பொடிகள். அந்தப் பொடிகளின் கணக்கை குபெல்கா, முங்க் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1931 இலேயே சமன்பாடாக எழுதிவிட்டார்கள். ஓவிய மென்பொருளுக்குள் அது நன்றாக வந்து சேர்ந்தது அண்மையில்தான். ரெபெல் என்ற மென்பொருளின் புரோ பதிப்பில் 2021 இல் வந்தது, அதில் நீலமும் மஞ்சளும் பச்சையாகின்றன. அந்த வசதி இல்லாத மென்பொருள்களில் வரைபவர்தான் அந்தச் சாம்பலைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். கையால் வண்ணம் குழைத்துப் பழகியவர் கண்ணில்தான் அது படும். உங்கள் மகள் கண்ணில் படும்.

ஓரங்களும் அப்படித்தான். தாளில் ஈரச் சாயம் காயும்போது நிறம் விளிம்புக்கு ஓடி அங்கே கருங்கோடாகப் படியும், மேசையில் காய்ந்த டீக்கறைக்கு வளையம் விழுவதுபோல. மென்பொருளிலுள்ள வாட்டர்கலர் பிரஷ்கள் பலவற்றில் இதைக் கூட்டிக் குறைக்க வசதி உண்டு. புதிதாக வருபவர்கள் ஒவ்வொரு தீற்றலுக்கும் அதைப் போட்டுவிடுவார்கள், படம் பார்த்தவுடன் பொய்யாகத் தெரியும். எங்கே தாள் ஈரமாக இருந்திருக்கும், எங்கே காய்ந்திருக்கும் என்பது நாலு தாளைப் பாழாக்கியவருக்குத்தான் தெரியும். ஆகவே பொத்தானைத் தட்டினால் வந்துவிடாது என்று அப்பாவிடம் தைரியமாகச் சொல்லலாம்.

திரைக்கு வராத கலையும் உண்டு. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் மேடாக எழுப்பி ஒட்டும் தங்கத் தகடு, நாம் நகர நகர மின்னும். திரையில் அது மஞ்சளும் பழுப்பும்தான். அந்தக் கலையில் ஆசை இருந்தால் செய்பவரிடம் போய் உட்கார்ந்து கற்கட்டும். அதையே டிஜிட்டலில் சொல்லித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். சிறுவர் புத்தகம், அனிமேஷன் பின்னணி, வீடியோ கேமின் இடங்களையும் பாத்திரங்களையும் முன்கூட்டி வரைந்து காட்டும் கான்செப்ட் ஆர்ட் என்று வாட்டர்கலர் சாயல் கேட்கும் இடங்கள் இருக்கின்றன. திருத்தத்துக்காகத்தான் அவர்கள் டிஜிட்டலை விரும்புகிறார்கள். பாட்டியின் புடவையைப் பச்சையாக்குங்கள் என்று எடிட்டர் சொன்னால், தாளில் முழுப் படத்தையும் மறுபடி போட வேண்டும். டிஜிட்டலில் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி அடுக்காக, அதாவது லேயராகப் பிரித்து வைத்திருந்தால் சில நிமிட வேலை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: போஸ்டர், மலிவான அட்டைப்படம் போன்ற சில்லறை வேலைகளில் ஏஐ படங்கள் நுழைந்துவிட்டன. ஒரே பாத்திரத்தை முப்பது பக்கத்துக்கு முகம் மாறாமல் வரைந்து, சொன்ன திருத்தத்தைச் சொன்னபடி செய்து தருபவருக்கு இன்னும் இடம் இருக்கிறது. அந்த நிலைக்கு வர நாளாகும். படித்து முடித்த முதல் சில வருடங்கள் அவள் சம்பளத்தை நம்பிக் கடன் எதுவும் வைக்காதீர்கள்.

இப்போதைக்கு ஐபேட் வேண்டாம். திரை இல்லாத பென் டேப்லெட் நாலைந்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டரில் கிருதா மென்பொருளை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். கை ஓரிடம், கண் ஓரிடம் என்று முதலில் தடுமாறுவாள், பழகிவிடும். கோட்டைத் தானாகச் சீராக்கும் ஸ்டெபிலைசரை மட்டும் ஆரம்பத்தில் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களில் ஒன்றை எடுத்து, முதலில் பேனா மையிலும் அப்புறம் டேப்லெட்டிலும் பார்த்து வரையட்டும். கோடு எங்கே தடிக்கிறது, எங்கே இளைக்கிறது என்று கை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

தாளில் வரையும் நேரம் குறையவே கூடாது என்று நான் வற்புறுத்த இன்னொரு காரணம் நுழைவுத் தேர்வு. டிசைன் பட்டப்படிப்புக்காக பம்பாய் ஐஐடி நடத்தும் யூசீட் தேர்வில் ஒரு பகுதி கணினியில் நடந்தாலும், ஓவியக் கேள்விக்குத் தாளில்தான் வரைய வேண்டும். 1850 இல் தொடங்கிய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியிலும் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியிலும் நான்கு வருட பி.எஃப்.ஏ. என்ற கவின் கலைப் பட்டப்படிப்பு இருக்கிறது, கட்டணமும் தனியாரைவிட மிகக் குறைவு. லட்சக்கணக்கில் கேட்கும் டிப்ளமோ ஏதாவது கண்ணில் பட்டால், அங்கே படித்தவர்களின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள், ஆளை உட்காரவைத்து வரையும் வகுப்பு உண்டா என்று கேளுங்கள். மென்பொருள் பெயர்களையே அடுக்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வரும் கோடை விடுமுறைக்குள் உங்கள் தெருவையே ஐந்து படங்களாக, ஒவ்வொன்றையும் தாளிலும் டேப்லெட்டிலும் வரையச் சொல்லுங்கள். டிஜிட்டல் கோப்பை அச்சளவில் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று வைத்துத் தொடங்கட்டும், சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கினால் தெளிவு போய்விடும். பென்சில் முன்வரைவுகளையும் தூக்கிப் போடாமல் சேர்த்து வைக்கட்டும். அவற்றை எடுத்துக்கொண்டு மூன்று பேருமாக வாருங்கள். எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று படங்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.