பிராங்ஃபர்ட் வரும் தம்பிக்கு: வாங்கும் பக்கத்தையும் பாருங்கள்

பிராங்ஃபர்ட்டில் வாடகை எவ்வளவு, குழந்தைக்குப் பள்ளி எது, வங்கி மெயின்ஃபிரேமில் எக்ஸ்சிஎஃப் (சேர்ந்து ஓடும் மெயின்ஃபிரேம் சிஸ்டங்கள் தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி) டியூனிங்கை முதல் வேலையாகத் தந்திருக்கிறார்களே, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. வீடும் பள்ளியும் வந்தபின் அமையும். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, சனிக்கிழமையே அரிசி வாங்கிவிடுங்கள். மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. நானும் ஒரு ஜனவரிக் குளிரில் இதே வேலையோடுதான் இங்கே வந்து இறங்கினேன்.

நம்மாட்கள் பலர் பழைய கிளையண்டின் கப்பிள் மெம்பரை, அதாவது எக்ஸ்சிஎஃப் அமைப்புகள் எழுதிய கோப்பை, அப்படியே கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார்கள். பூட்டுகளைக் கவனிக்கும் ஜிஆர்எஸ்ஸுக்கு ஒரு டிரான்ஸ்போர்ட் கிளாஸ் (செய்திகளுக்கென ஒதுக்கும் பஃபரும் பாதையும்), டேட்டாபேஸான டிபி2வுக்கு ஒன்று என்று, செய்தி அனுப்பும் குரூப் வாரியாகப் பிரிக்கிறார்கள். ஒரு பாதை சும்மா கிடக்கும், இன்னொன்று திணறும். எனக்கு இது ஆகவே ஆகாது. செய்தியின் நீளத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் கிளாஸ் நீளம் 956 பைட். அதில் பெரிய செய்திகள் போனால் ஆர்எம்எஃப் என்ற அளவீட்டுக் கருவியின் அறிக்கையில் 'பிக்' பத்தி (கிளாஸ் நீளத்தைத் தாண்டிய செய்திகளின் விகிதம்) ஏறும். மெயின்ஃபிரேம் இயங்குதளமான இசட்/ஓஎஸ் 2.4 முதல் இந்தப் பிரிப்பை சிஸ்டமே செய்துகொள்ளும். உங்கள் இடத்தில் அது ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், 'ரிஜெக்ட்' எண் (பஃபரில் இடமில்லாமல் திருப்பப்பட்ட கோரிக்கைகள்) ஏறினால் உடனே மேக்ஸ்மெசேஜை, அதாவது பஃபர் அளவின் உச்சவரம்பை, உயர்த்தாதீர்கள். வந்த முதல் மாதக் கடைசி இரவில் நான் அதைத்தான் செய்தேன், இரண்டு முறை. கொஞ்ச நேரம் அடங்கியது, மறுபடி ஏறியது. வயதான ஜெர்மன் சக ஊழியர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "எதிர்ப்பக்கம் யார் வாங்குகிறார்கள்?" அங்கே ஒரு டெஸ்ட் எல்பார் (ஒரே மெயின்ஃபிரேமைப் பிரித்த பகுதிகளில் ஒன்று), அதன் வெயிட், அதாவது சிபியூவில் அதற்கான பங்கு, மிகக் குறைவு. புரொடக்‌ஷன் ஓடும்போது அதற்கு சிபியூ கிடைக்கவில்லை. வந்த செய்திகளை அதிலிருந்த குரூப் மெம்பர்கள் (செய்தி வாங்கும் புரோகிராம்கள்) எடுக்காததால் வாங்கும் பஃபர் நிரம்பி, நெரிசல் அனுப்பும் பக்கம் வரை பின்னேறியிருந்தது. வெயிட்டை உயர்த்தியதும் ரிஜெக்ட் நின்றது.

அவர் விளக்கியதில் பாதிதான் எனக்குப் புரிந்தது, அத்தனையும் ஜெர்மன். அடுத்த வாரமே மாலை வகுப்பில் சேர்ந்தேன், பனியில் டிராம் பிடித்துப் போனேன். மூன்றாம் வருடம் அதே அறையில் ஆர்எம்எஃப் அறிக்கையை ஜெர்மனிலேயே விளக்கினேன். ஆங்கிலமே போதும் என்று பத்து வருடமாக இருப்பவர்களும் இங்கே உண்டு. மாதக் கடைசி இரவில் அவர்களை யாரும் அழைப்பதில்லை. அன்று என்னை அழைத்தார்கள்.