அசையும் படத்துக்கு நிறம் திருத்த எதற்குப் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: ஃபோட்டோஷாப்பில் நிறம் திருத்தும் அடுக்கான அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டால், ஜிஃப் என்ற அசையும் படத்தில் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு தனிப் படம் மட்டுமே நிறம் மாறுகிறது. பழுதென்று பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்க முடியாது, பழுது மென்பொருளில் இல்லை. ஜிஃப்பைத் திறந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் தனி லேயராக வரும். அட்ஜஸ்ட்மென்ட் லேயர் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். அதன் அருகில் கீழ்நோக்கி வளைந்த சிறு அம்புக்குறி தெரிந்தால், அது கீழே அடுத்துள்ள ஒரே லேயரோடு கிளிப் ஆகி, அதாவது பிணைந்து இருக்கிறது என்று பொருள். அதை விடுவித்து, ஃபிரேம்கள் வரிசையாகத் தெரியும் டைம்லைனில் எல்லா ஃபிரேம்களையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அந்த லேயரின் கண் அடையாளத்தைத் திறந்து வையுங்கள். உதவிப் பக்கத்தைக்கூடப் புரட்டாமல் விற்றவர்மீது பழி போடுவது நியாயமன்று.

கேள்வி: 1,200 ரூபாய்க்கு ‘ஜிஃப் கலர் பேக்’ என்ற நிறம் திருத்தும் தொகுப்பை வாங்கினேன். மாலை வானம் பட்டை பட்டையாகத் தெரிகிறது.

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார்கள். 1987இல் வந்த ஜிஃப் வடிவத்தில் ஒரு ஃபிரேமுக்கு 256 நிறங்களுக்கு மேல் இடமில்லை. ஒளியையும் நிறத்தையும் மாற்றும் கர்வ்ஸ் கோட்டை வளைத்து வானத்துக்கு எத்தனை நுண்சாயல்களைக் கொண்டுவந்தாலும், சேமிக்கும்போது அவை அந்த எண்ணுக்குள் சுருக்கப்படுகின்றன. பட்டை விழுவது அங்கேதான். இருக்கும் நிறங்களைப் புள்ளிகளாகக் கலந்து காட்டும் டிதரைக் கூட்டினால் பட்டை சிறு புள்ளிகளாகச் சிதறும், ஆனால் கோப்பின் அளவு ஏறும். இந்த வரம்பை எந்தப் பேக்காலும் தாண்ட முடியாது. நானும் காசு கொடுத்து வாங்கிய அதே பேக்கைத் திறந்து பார்த்தபோது, முன்கூட்டியே வளைத்து வைத்த சில கர்வ்ஸ் லேயர்களும் ஓர் ஆரஞ்சு ஃபோட்டோ ஃபில்டரும் மட்டுமே இருந்தன; இரண்டும் மென்பொருளுக்குள்ளேயே இருப்பவை. விற்பனைப் பக்கத்தில் மின்னிய மாதிரியோ ஜிஃப்பே அல்ல, வீடியோ. வேறொரு பொருளைக் காட்டி இன்னொன்றை விற்பது பச்சை மோசடி. விளம்பரத்தைப் படமெடுத்து வைத்து, பணத்தை எழுத்துமூலம் திரும்பக் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: ஜிஃப் நிறம் திருத்துவதற்காக மட்டும் 40,000 ரூபாய் மானிட்டர் வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: மாதச் சந்தா என்று நம்பி ஒரு மென்பொருளில் சேர்ந்தேன். நான்காம் மாதம் விலகினால் அபராதம் கேட்கிறார்கள்.

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. மாதந்தோறும் கட்டும் ஆண்டு ஒப்பந்தத்தை மாதச் சந்தாபோல் காட்டுகிறார்கள். இத்தகைய விலகல் கட்டணத்தை மறைத்ததாக 2024 ஜூனில், ஃபோட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபிமீது அமெரிக்க அரசு வழக்கே தொடுத்தது. இந்தியாவிலும் 2023ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள், எளிதில் விலக விடாமல் சிக்கவைக்கும் சந்தாப் பொறியைத் தடைசெய்கின்றன. அதைக் குறிப்பிட்டு 1915இலேயே முறையிடுங்கள். அதுவரை வேலை நிற்க வேண்டாம்: உலாவியில் இலவசமாக இயங்கும் ஃபோட்டோபியாவிலும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் உண்டு, ஜிஃப்பாகச் சேமிக்கவும் முடியும்.