கிராமத்து நடனக் கூடங்களில் பாடத் தொடங்கி, பெரிய நட்சத்திரமான கன்ட்ரி பாடகர் யாராவது உண்டா? அது எப்படி நடந்தது?

உண்டு. ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட். டெக்சஸில் குடியிருக்கும் எனக்கு இந்தக் கேள்வியைப் பார்த்ததும் வேறு பெயரே தோன்றவில்லை.

அமெரிக்கக் கிராமப்புறத்தில் வளர்ந்த கன்ட்ரி இசையின் தரவரிசைப் பட்டியல்களில் 60 பாட்டுகளை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர். 2024 ஜூனில் காலேஜ் ஸ்டேஷன் ஊரின் கைல் ஃபீல்ட் மைதானத்தில் அவர் பாடியபோது 1,10,905 பேர் வந்தார்கள். டிக்கெட் வைத்து நடத்திய ஒற்றைக் கச்சேரிக்கு அமெரிக்காவில் அதுவரை அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. ஆனால் 1981 வரைக்கும் அவர் பாடியதெல்லாம் தகரக் கூரை போட்ட கூடங்களிலும் சாலையோர பார்களிலும்தான்.

அந்தக் கூடங்களைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டில் மத்திய டெக்சஸில் குடியேறிய ஜெர்மானிய, செக் விவசாயிகள் தங்கள் பாட்டுச் சங்கம், துப்பாக்கி சுடும் சங்கம், விவசாயிகள் சங்கம் எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கூடங்கள் கட்டிக்கொண்டார்கள். சனிக்கிழமை ராத்திரி குடும்பத்தோடு வருவார்கள். பெரியவர்கள் ஆடுவார்கள், குழந்தைகள் பெஞ்சிலேயே தூங்கிப்போகும். பருத்தி விவசாயம் செழித்த காலத்தில், 1878இல், நியூ பிரான்ஃபெல்ஸ் பக்கத்தில் எழுந்த கிரீன் ஹால் இன்றும் நடக்கிறது. ஏசி கிடையாது. பக்கச் சுவர்ப் பலகைகளைத் தூக்கி முட்டுக் கொடுத்தால் காற்று வரும். மேலே சாக்குத் துணி தொங்கும், சுவரெல்லாம் பழைய விளம்பரப் பலகைகள். நான் அங்கே போனபோது உடன் வந்த நண்பர்கள் பாடகரைப் பார்த்தார்கள், நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷம் பூட்ஸ் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகிவிட்ட பலகை. ஜோடிகள் எல்லாரும் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றி வருகிறார்கள். வேகமாக ஆடுகிறவர்கள் வெளி வட்டம், நிதானமாக ஆடுகிறவர்கள் உள்ளே. ஒரு தாத்தா தன் பூட்ஸ் மேல் பேத்தியை நிற்க வைத்துக்கொண்டு வால்ட்ஸ் என்ற ஜோடி நடனம் ஆடினார்.

இந்த இடத்தில் பாடகன் இரண்டாம் பட்சம். வந்தவர்கள் ஆட வந்திருக்கிறார்கள். தாளம் கொஞ்சம் ஓடினாலும் இழுத்தாலும் கால் தடுமாறும். பாட்டை நடுவில் நிறுத்திக் கதை சொன்னால் ஆடுதளம் காலியாகும். டூ ஸ்டெப் என்ற ஜோடி நடனத்துக்கு ஒரு பாட்டு, அடுத்து வால்ட்ஸ், நடுவே ஒரு போல்கா நடனம் என்று மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். ஸ்ட்ரெய்ட் கற்றுக்கொண்டது இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

1952இல் பிறந்தவர். வளர்ந்தது பியர்சால் என்ற சின்ன ஊரில். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கூடவே மாட்டுப் பண்ணையும் உண்டு. ராணுவத்தில் சேர்ந்து ஹவாயில் இருந்தபோதுதான் அங்கே ஒரு ராணுவ இசைக்குழுவில் முறையாகப் பாட ஆரம்பித்தார். 1975இல் திரும்பி வந்து, சான் மார்கஸில் இருந்த கல்லூரியில் விவசாயம் படிக்கச் சேர்ந்தார். அந்தக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ‘பாடகனுக்குக் குழு தேவை’ என்ற பொருளில் அவர் ஒட்டிய சீட்டைப் பார்த்துத்தான், பின்னால் ஏஸ் இன் தி ஹோல் என்று பெயர் வைத்துக்கொண்ட இசைக்குழுவினர் அவரைத் தேடி வந்தார்கள். 1975 அக்டோபர் 13 அன்று, ரயில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த சீத்தம் ஸ்ட்ரீட் வேர்ஹவுஸ் என்ற இசைக் கூடத்தில் முதல் கச்சேரி. ரயில் போனால் கட்டடமே அதிரும்.

அதற்குப் பிறகு கிரீன் ஹால், ஆஸ்டினில் ஜேம்ஸ் ஒயிட் என்பவர் 1964இல் கட்டிய ப்ரோக்கன் ஸ்போக் நடனக் கூடம் என்று மாற்றி மாற்றிப் பாடினார். பகலில் பண்ணையில் மாடு மேய்ப்பு, படிப்பு, இரவில் பாட்டு. பழைய இசைக்கலைஞர் பாப் வில்ஸ் வழியில் வந்த, ஆடத் தோதான வெஸ்டர்ன் ஸ்விங் பாட்டுகளும், கன்ட்ரி பாடகர் மெர்ல் ஹாகர்ட் பாணிப் பாட்டுகளும்தான் பெரும்பாலும். ஃபிடில் என்ற வயலினும் ஸ்டீல் கிட்டாரும் இல்லாமல் அந்தத் தளங்களில் யாரும் எழுந்து ஆட மாட்டார்கள்.

கன்ட்ரி இசை நிறுவனங்களின் தலைமையிடமான நாஷ்வில் நகரம் அவரை உடனே ஏற்கவில்லை. சீத்தம் ஸ்ட்ரீட்டை நடத்திய கென்ட் ஃபின்லே 1977இல் அவரை வண்டியில் கூட்டிக்கொண்டு போனார், கதவு திறக்கவில்லை. அப்போது அங்கே கன்ட்ரி பாப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது, இவரோ பழைய பாணிக்காரர். 1979இல் பட்டம் வாங்கியதும், பாட்டை விட்டுவிட்டு, மாட்டுப் பட்டிகளை வடிவமைக்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குப் போகவே முடிவு செய்துவிட்டார். இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்று தடுத்தவர் மனைவி நார்மா. அந்த அம்மாவுக்கு கன்ட்ரி ரசிகர்கள் எல்லாரும் கடன்பட்டிருக்கிறார்கள்.

கடைசியில் கதவைத் திறந்ததும் ஒரு கூடத்துக்காரர்தான். சான் மார்கஸில் ப்ரெய்ரி ரோஸ் என்ற கிளப்பை நடத்தி அதில் ஸ்ட்ரெய்ட்டைப் பாட வைத்த எர்வ் உல்சி, இசை நிறுவன வேலைக்கு நாஷ்வில் திரும்பியிருந்தார். இந்தக் குரல் ஆடுதளத்தை எப்படி நிரப்பும் என்று கண்ணால் பார்த்தவர் என்பதால் விடாமல் பரிந்து பேசினார். 1981இல் எம்சிஏ என்ற இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம். முதல் பாட்டு ‘அன்வவுண்ட்’ ஆறாம் இடம் வரை போனது. அடுத்த வருஷமே முதலிடமும் வந்தது. உல்சி பின்னர் அவருடைய மேனேஜராகி, 2024இல் இறக்கும்வரை கூடவே இருந்தார்.

அவர் பாடுவதைக் கவனித்துப் பாருங்கள். கிட்டாரை மாட்டிக்கொண்டு கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்பார், குரலைக் கத்தவிட மாட்டார், வரிகள் தாளத்தின் மேல் பதறாமல் உட்காரும். மேடையில் என்ன செய்கிறார் என்று பார்க்க ஆள் இல்லாத இடத்தில், ஆடுகிறவர்களின் காலுக்காகவே வருஷக்கணக்கில் பாடியவருக்கு மட்டும் வரும் நிதானம் அது. ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் பிறர் எழுதிய பாட்டுகளையே பாடினார். எதற்கு ஜனங்கள் எழுந்து ஆடுவார்கள் என்று தெரிந்ததால்தான் அவ்வளவு சரியாகப் பொறுக்கி எடுத்தார் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கும் இந்தப் பாதை மூடிவிடவில்லை. டெக்சஸ் கூடங்களில் சுற்றிச் சுற்றிப் பாடியே ரசிகர்களைச் சேர்த்த கோடி ஜான்சன், 2018இல்தான் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். சீத்தம் ஸ்ட்ரீட்டில் பாடி வளர்ந்த ராண்டி ராஜர்ஸ், ஃபின்லே இறந்த பிறகு அந்த இடத்தையே வாங்கி நடத்த முன்வந்தார். டெக்சஸ் பக்கம் வந்தால் சனிக்கிழமை ராத்திரி கிரீன் ஹாலுக்குப் போங்கள். குழந்தைகளையும் தாராளமாகக் கூட்டிப் போகலாம். டூ ஸ்டெப் தெரியாவிட்டால் பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள், சொல்லித் தருவார்கள்.