பழைய படகு: எதை வாங்கலாம்?

கே: டர்பனில் படகிலேயே குடியிருந்து, விடுமுறையில் கேப் டவுன் வரை போக ஆசை, பந்தயமும் பிடிக்கும். பழைய ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகுகளில் மியூரா 31 நல்லதா, எல் 26 நல்லதா?
– வாசகர், சாட்ஸ்வர்த்

ப: பந்தயத்துக்கு எல் 26தான், தென்னாப்பிரிக்காவின் பெரிய பாய்மரப் படகுப் பந்தயமான லிப்டன் கோப்பைக்கே ஓடிய வகுப்பு. ஆனால் உள்ளே இடம் குறைவு. குடியிருக்க மியூராவை எடுங்கள். கேப் டவுன் போகும் வழியில் உள்ள ஈஸ்ட் லண்டன் துறைமுகம் வரை சுமார் 250 கடல்மைல். அந்தக் கரையோரம் தென்மேற்கு நோக்கி ஓடும் அகுலாஸ் நீரோட்டத்தை எதிர்த்துத் தென்மேற்குக் காற்று வீசினால் அலை செங்குத்தாக எழும். அப்போது கடல் வரைபடத்தில் 200 மீட்டர் ஆழத்தைக் காட்டும் கோட்டுக்கு உட்புறம், கரைப்பக்கம் ஒதுங்குங்கள்.

வாங்குமுன் மேல்தளத்தைப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டக்’ என்றால் சரி. ‘தொப்’ என்றால் போல்ட் துளை வழியே நீர் இறங்கி, உள்ளிருக்கும் மரம் ஊறியிருக்கிறது. விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கம் நாலைந்து கொப்புளம் இருந்தால் பயம் வேண்டாம், தேய்த்துக் காயவிட்டு எபாக்ஸி பிசின் பூசலாம். கீலை (படகின் அடியில் உள்ள கனமான துடுப்பு போன்ற பகுதி) பிடித்திருக்கும் போல்ட்டில் துரு வழிந்தால்தான் யோசிக்க வேண்டும்.